பண்டல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: "திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். மொத்தம் 160 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்கள். மீதிப் பேர் உள்ளூர், தேனி, ராமநாதபுரம் பக்கம். ஒரே லைனில் கலந்து உட்கார வைத்தால் தினமும் வாய்ச்சண்டை. செக்கிங்கில் திரும்பி வருகிற பீஸும் கூடுகிறது. மொழிவாரியாகத் தனித்தனி லைன் போட்டுவிடலாம் என்கிறார்கள் சூப்பர்வைசர்கள். எல்லாரையும் ஒருநாள் டூர் கூட்டிப்போனால் சரியாகிவிடும் என்கிறார் முதலாளி. எதைச் செய்வது?"

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, சண்டை அதிகமாக வருகிற லைனின் ஓரத்தில் அரை நாள் நில்லுங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க வேண்டாம். பண்டலை, அதாவது தைக்க வெட்டி வந்த துணிக் கட்டை, யார் எடுத்துக் கொடுக்கிறார், எந்தப் பண்டல் யாருக்குப் போகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பதினெட்டு வருஷமாக பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் கேள்வியை இதே வார்த்தைகளில் பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் இருந்த இரண்டு ஒடியாப் பெண்கள் மெதுவாகத் தைக்கிறார்கள், அதனால் அடுத்து பேட்லாக் மெஷினில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கிடைக்கிற கூலி) போகிறது என்று புகார். "இந்திக்காரிங்களுக்கு வேலையில அக்கறை இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர். நானும் காலை ஷிப்ட் தொடங்கியதிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை நின்று பார்த்தேன். பண்டல் கட்டைப் பிரித்துக் கொடுக்கிற ஹெல்ப்பர் ஒரு பையன், இருபது வயதிருக்கும், நல்ல பையன், யாரையும் திட்டுவதில்லை. வெள்ளைத் துணி, சின்ன சைஸ் வந்தால் தன் ஊர்ப் பக்கத்து அக்காக்கள் இருவருக்குக் கொடுத்தான். நேவி புளூ, டபுள் எக்ஸ்எல் வந்தால் ஒடியாப் பெண்களுக்குப் போனது. கருந்துணியில் நூல் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது, பெரிய சைஸில் தையல் நீளம் அதிகம். பீஸ் ரேட்டோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மதியம் வரை வந்த ஒன்பது நேவி பண்டல்களில் எட்டு அந்த இருவருக்குப் போயிருந்தன.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கே அது உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அக்காங்க கேப்பாங்க சார், அவங்க கேக்க மாட்டாங்க" என்றான். அந்த லைனில் ஒரு வருஷமாக நடந்த சண்டை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. தட்டிக் கேட்கிறவருக்கு லேசான பண்டல், கேட்காதவருக்கு கனமான பண்டல். வேகம் குறைந்தபோது அது "இந்திக்காரியின் குணம்" என்று கணக்கு எழுதப்பட்டது. இதில் இன்னொன்றும் உண்டு: அவர்கள் இந்திக்காரிகளே இல்லை. தாய்மொழி ஒடியா. இந்தி அவர்களுக்கும் நமக்குப் போலவே வெளி மொழிதான்.

இது திருப்பூரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. கென்யாவில் ஒரு பூப்பண்ணையின் பேக்கிங் கூடத்தில் 2007, 2008 ஆண்டுகளின் தினசரி உற்பத்திக் கணக்கை எடுத்து யோனாஸ் ஜோர்ட் என்ற பொருளாதார ஆய்வாளர் பார்த்தார். அங்கே மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் ரோஜாவைப் பிரித்துக் கொடுப்பார், இருவர் கட்டுக் கட்டுவார்கள். கொடுப்பவர் கிகுயு, வாங்குபவர் லுவோ என்று இனம் மாறியிருந்தால் வாங்குபவருக்குப் பூ குறைவாகப் போனது. அதனால் மொத்த உற்பத்தியும் குறைந்தது. இத்தனைக்கும் கொடுப்பவருக்கும் கூலி, குழு முடிக்கிற எண்ணிக்கையை வைத்துத்தான். தன் கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தன் இனத்தாருக்கு அதிகம் தள்ளினார்கள். 2008 தொடக்கத்தில் தேர்தலை ஒட்டி நாட்டில் கலவரம் வந்தபோது இந்தப் பாரபட்சம் சட்டென்று கூடியது. பிறகு பண்ணை ஒரு மாற்றம் செய்தது. கட்டுக் கட்டுகிற இருவருக்கும் தனித்தனிக் கூலியை நிறுத்திவிட்டு, இருவரும் சேர்ந்து கட்டியதைக் கணக்கிட்டுப் பங்கு போட்டுக் கொடுத்தது. அப்போது ஒருவருக்குக் குறைத்து இன்னொருவருக்குக் கூட்டுவதில் லாபமே இல்லாமல் போனது. இனம் கலந்த குழுக்களின் உற்பத்தி மறுபடி கூடியது. யாருக்கும் ஒற்றுமை பற்றி வகுப்பு எடுக்கவில்லை, யாருடைய மனத்தையும் மாற்றவில்லை. கூலி போடுகிற முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நீங்களும் அதே இடத்தில்தான் கை வைக்க வேண்டும். பண்டல் ஸ்டாண்டில் கட்டிங்கிலிருந்து வந்த வரிசைப்படி எண் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். கையில் இருந்த பண்டலை முடித்தவர் எழுந்து வந்து அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்கக் கூடாது, ஹெல்ப்பரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. இதற்குப் பத்து பைசா செலவில்லை. மேலே சொன்ன கம்பெனியில் இதை மட்டும்தான் முதல் மாதம் செய்தோம். வாய்ச்சண்டை பாதியாகக் குறைந்தது.

குழுக் கூலி என்று கேட்டதும் உடனே லைன் முழுவதையும் மாற்றிவிடாதீர்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புதிதாக வந்தவரின் கை மெதுவாக இருக்கும், "உன்னாலதான் எங்க காசு போச்சு" என்று எல்லாரும் அவர் மேல் பாய்வார்கள். புதியவர் பெரும்பாலும் வெளி மாநிலத்தவராகவே இருப்பதால் பழைய சண்டை புது உருவில் வரும். முதல் ஆறு வாரம் புதியவருக்கு ஷிப்ட் சம்பளம் கொடுங்கள், அவரைக் குழுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்து மெஷினில் இருந்து கற்றுக் கொடுப்பவருக்கு அந்த ஆறு வாரத்துக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள். ஒரு தேனி அக்கா ஒரு ஒடியாப் பெண்ணுக்குக் கை பிடித்துப் பழக்கிவிட்டதற்குக் கம்பெனி காசு கொடுக்கிறது என்றால், கற்றுக் கொடுப்பதும் ஒரு வேலை என்று கம்பெனி ஒப்புக்கொள்கிறது. இல்லாவிட்டால் அது அந்த அக்காவின் தலையில் விழுந்த தண்டம்தான்.

சரி, சூப்பர்வைசர்கள் சொல்கிற தனி லைன் யோசனைக்கு வருவோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் நடுவில் நின்று கத்துகிறவர்கள் அவர்கள். மொழிவாரியாகப் பிரித்தால் முதல் இரண்டு மாதம் நிஜமாகவே நிம்மதியாக இருக்கும். மேற்கு வங்காளத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இந்துத் தொழிலாளர்களையும் முஸ்லிம் தொழிலாளர்களையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சில குழுக்களில் கலந்தும் சில குழுக்களில் கலக்காமலும் வைத்து, அர்க்கதேவ் கோஷ் என்ற ஆய்வாளர் நான்கு மாதம் கவனித்தார். ஒருவர் கையை இன்னொருவர் நம்பியிருக்கிற வேலைகளில், கலந்த குழுக்களின் உற்பத்தி தொடக்கத்தில் குறைந்தது. அவரவர் வேலையை அவரவர் பார்க்கிற இடங்களில் குறையவே இல்லை. அந்தக் குறைந்த இடங்களிலும் நான்கு மாதம் முடிவதற்குள் வித்தியாசம் மறைந்துவிட்டது. மற்ற மதத்தார் மேல் இருந்த எண்ணம் நல்லபடியாக மாறியதும், கையை நம்பியிருக்கிற அந்த வேலைகளில்தான்.

இதை நம் லைனுக்குப் பொருத்திப் பாருங்கள். பேக்கிங்கிலும் பிசிர் வெட்டுவதிலும் யாரையும் யாரோடும் உட்கார வைக்கலாம், பெரிய பிரச்சினை வராது. தையல் லைனில்தான் உரசல் வரும், பலனும் அங்கேதான். ஆக, கேள்வி கலப்பதா வேண்டாமா என்பதில்லை, எப்போது கலப்பது என்பதுதான். ஷிப்மெண்ட் நெருக்கடி மாதத்தில் லைனைக் கலைத்துப் போட்டால் யாராக இருந்தாலும் தோற்பீர்கள். "நாங்க அப்பவே சொன்னோம்" என்று சூப்பர்வைசர்கள் சொல்வார்கள், அதன் பிறகு மூன்று வருஷத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஒரே ஸ்டைல் தொடர்ந்து ஓடப்போகிற பெரிய ஆர்டர் ஒன்று கையில் வரும்போது தொடங்குங்கள். நான்கு மாதம் வரை அளவு கொஞ்சம் இறங்கும் என்று முதலாளியிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இந்த ஒப்புதல் இல்லாமல் தொடங்கிய இடங்களில் எல்லாம் ஆறாவது வாரத்தில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தனி லைன்களில் இன்னொரு கெடுதல், அவற்றுக்கு இடையே போட்டி வந்துவிடும். போர்டில் "ஏ லைன் 1,200, பி லைன் 1,050" என்று எழுதுவோம். ஏ லைன் முழுக்க தமிழர், பி லைன் முழுக்க வெளி மாநிலம் என்றால் அது உற்பத்திக் கணக்காக நிற்காது. உத்தரப் பிரதேசத்தில் 2017-இல் மேட் லோ என்பவர் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார். சில அணிகளில் எல்லாச் சாதியினரும் கலந்திருந்தார்கள், சில அணிகள் ஒரே சாதி. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் மற்ற சாதியினரைச் சந்தித்தவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை, சிலவற்றில் நேர் எதிராகவே போனது. சேர்ந்து பழகினால் சரியாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். எதிரெதிராக நின்று பழகுவதும் பழக்கம்தான். ஆயுத பூஜைக்குக் கிரிக்கெட், கயிறு இழுக்கும் போட்டி வைத்தால் அணியை நீங்களே பிரியுங்கள், அவர்களாகப் பிரிந்துகொள்ள விடாதீர்கள்.

அடுத்தது பேச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேனேஜர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கொங்குப் பேச்சில் மரியாதை நாக்கிலேயே இருக்கிறது. சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்பார்கள். அதே ஊரில் பிறந்து வளர்ந்த சூப்பர்வைசர், நாற்பது வயது பீகாரியைப் பார்த்து "தூ இதர் ஆ" (நீ இங்கே வா) என்பார். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். லோடுமேனிடமும் சினிமாவிலும் கற்ற இந்தி. இந்தியில் எதிரே இருப்பவரைக் கூப்பிட, மரியாதை ஏறுகிற வரிசையில் தூ, தும், ஆப் என்று மூன்று படி உண்டு. ஊரில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிற ஒரு மனிதரை எல்லார் முன்னாலும் தூ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? ஒடியாவிலும் இப்படி மூன்று படி இருக்கிறது. நான் ஒரு சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. "நான் மரியாதை இல்லாம பேசறேன்னே எனக்குத் தெரியாது சார், அதுதான் இந்தின்னு நினைச்சேன்" என்றார். மறுநாளிலிருந்து "ஆப்" போட்டார். வயதான பெண்களை ஒடியாவில் "அபா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். அக்கா என்று பொருள், "நானி" என்றும் சொல்வார்கள். ஒரு வாரத்தில் ஒரு பெண் அவருக்கு "அண்ணா, அளவு தப்பு" என்று தமிழில் சொன்னாள். அதுவரை அவள் அவரிடம் வாயே திறந்ததில்லை.

மொழி விஷயத்தில் "அவங்க தமிழ் கத்துக்கட்டும்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். கற்றுக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் பலர் நம்மைவிட வேகமாகப் பேசுவார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே ஊசி உடைந்தால், கையில் ஊசி ஏறினால், புகை வந்தால், "நிறுத்து" என்பது எல்லாருக்கும் எல்லாருடைய வாயிலிருந்தும் புரிய வேண்டும். நாற்பது சொல் போதும். நிறுத்து, அளவு, கறை, ஊசி, நூல் மாற்று, தண்ணீர், வலிக்கிறது, தெரியவில்லை, மறுபடி சொல்லுங்கள். தமிழ், ஒடியா, இந்தி மூன்றிலும். எழுதி ஒட்டுவதோடு விடாதீர்கள், எழுத்துப் படிக்காதவர்கள் இருப்பார்கள். காலையில் மெஷின் துடைக்கிற ஐந்து நிமிஷத்தில் நாளுக்கு இரண்டு சொல் வாய்விட்டுச் சொல்லட்டும், சூப்பர்வைசரும் சேர்ந்து. தரம் பற்றிய எதையும் வார்த்தையில் விளக்காதீர்கள். நல்ல பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு நூல் கட்டி மெஷினுக்கு மேலே தொங்க விடுங்கள். அதற்கு மொழி வேண்டாம்.

திரும்பி வருகிற பீஸ் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் கை திறமை மட்டும்தானா என்று சந்தேகப்படுங்கள். ஒரு கம்பெனியில் கழுத்துப் பட்டி அகலம் கால் அங்குலம் குறைந்து, ஒரு நாள் உற்பத்தி முழுவதும் அப்படியே செக்கிங் வரை போய்விட்டது. பின்னால் விசாரித்தால், முதல் பத்து பீஸிலேயே பட்டி தைத்த பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தின மாதம் இதேபோல் ஒன்றைச் சொல்லப்போய், "உன் வேலையைப் பாரு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். அதனால் இந்த முறை சொல்லவில்லை. பலவகை ஆட்கள் இருக்கிற இடத்தில் பல கண்கள் இருக்கின்றன என்பதுதான் லாபமே. அந்தக் கண் பார்த்ததை வாய் சொல்லவில்லை என்றால் அந்த லாபம் பூஜ்யம், தொல்லை மட்டும் மிச்சம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக வேலை செய்கிற குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக இருந்தன. அந்தக் குழுக்களில் தப்பை மறைக்காமல் சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடித் தெரிந்தது. ஆகவே உங்கள் லைனில் ஆட்கள் பேசத் தொடங்கினால் முதலில் குறைகள் அதிகமாகத் தெரியும். அப்போது பயந்துவிடாதீர்கள். தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவரின் தப்பாகவே இருந்தாலும் அன்று திட்டக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள், நீங்களே முதலில் அதைக் கடைப்பிடியுங்கள். காலைக் கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் சீனியர் டெய்லர்தான் பேசுவார். புதியவரிடமிருந்து ஆரம்பித்து, "நேத்து எந்த இடத்துல கை நின்னுச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மொழிபெயர்க்கக் காண்ட்ராக்டரின் ஆளை வைக்காதீர்கள். அவர் முன்னால் அவர்கள் உண்மை பேச மாட்டார்கள்.

காண்ட்ராக்டர் என்றதும் சம்பளம் ஞாபகத்துக்கு வருகிறது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஒரே மெஷின், ஒரே வேலை, தமிழருக்கு ஒரு ரேட், காண்ட்ராக்டர் மூலம் வந்தவருக்குப் பிடித்தம் போக இன்னொரு ரேட் என்று உங்கள் கம்பெனியில் இருந்தால், நான் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. வெளி மாநிலத் தொழிலாளருக்கு அதே வேலைக்கு அதே கூலி என்பது 1979-லேயே சட்டமான விஷயம். நேராக அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். இது வெளி மாநிலத்தவருக்குச் செய்கிற சலுகை இல்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதால்தான் நம் ஊர்த் தொழிலாளி அவர்களைத் தன் வயிற்றில் அடிக்க வந்தவர்களாகப் பார்க்கிறான். அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டால் அந்தக் கோபத்துக்கும் இடம் குறையும்.

உங்கள் கம்பெனியின் ஆள் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது: கட்டிங்கில் தமிழ் ஆண்கள், தையலில் ஒடியாப் பெண்கள், லோடு ஏற்றுவது பீகார் ஆண்கள், செக்கிங்கில் தமிழ்ப் பெண்கள், சூப்பர்வைசர் எல்லாரும் தமிழ் ஆண்கள். மொழி, பாலினம், வேலை, சம்பளம், தங்குமிடம் எல்லாம் ஒரே கோட்டில் பிரிகின்றன. டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் இதைப் பூமிக்கடியில் இருக்கிற பிளவுக்கோட்டோடு ஒப்பிட்டு எழுதினார்கள். வித்தியாசங்கள் இருப்பதே ஆபத்தில்லை. அத்தனை வித்தியாசமும் ஒரே கோட்டில் விழுந்தால்தான் ஒரு சின்ன அதிர்வில் இரண்டாகப் பிளக்கும். ஆகவே கோட்டைக் குறுக்கே வெட்டுங்கள். கட்டிங்கில் இரண்டு ஒடியாப் பையன்கள் கற்றுக்கொள்ளட்டும். செக்கிங்கில் வெளி மாநிலப் பெண்கள் வரட்டும். சூப்பர்வைசர் பதவிக்கு நன்றாகத் தைக்கிற பெண்களை எடுங்கள், அவர்களில் ஒடியாப் பெண்ணும் இருக்கட்டும்.

ஆனால் எங்கேயும் ஒருத்தரை மட்டும் போடாதீர்கள். தனியாக ஒரே ஒரு பெண் சூப்பர்வைசர் இருந்தால், அவர் செய்கிற தப்பு "பொம்பளைங்கன்னாலே இப்படித்தான்" என்று ஆகும், மற்றவர் செய்கிற தப்பு அவரவர் தப்பாகவே இருக்கும். இரண்டு, மூன்று பேராகப் போடுங்கள். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற உள் குழுவும் அப்படித்தான். 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற எல்லா இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதில் ஒடியா தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. விடுதியில் இருக்கிற பெண் யாரிடம், எந்த மொழியில் போய்ச் சொல்வாள்?

"நம்ம ஆளுங்க" என்று உங்கள் சூப்பர்வைசர்கள் சொல்வதையும் ஒரு முறை நிறுத்திக் கேளுங்கள். அது ஒரே கூட்டம் இல்லை. புதிதாக வந்த தமிழரிடம் முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டு, அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் எல்லாருக்கும் தெரியும். விடுதி அறை ஒதுக்கும்போதும், டீ டம்ளர் கழுவும்போதும், யாரை ஹெல்ப்பராகவே வைத்திருக்கிறோம் என்பதிலும் அது வெளிப்படும். மொழிப் பிரச்சினையைத் தீர்க்கிறேன் என்று கிளம்பி இதைக் கண்டும் காணாமல் விட்டால், "தமிழருக்குள் ஒற்றுமை" என்ற பெயரில் சிலரை மட்டும் மௌனமாக்குவீர்கள். அறை, தட்டு, டம்ளர், மெஷின் எதையும் ஆட்கள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள விடாமல், கம்பெனியே வரிசை எண்படி ஒதுக்க வேண்டும். பண்டலுக்குச் சொன்ன அதே முறைதான்.

வெளியில் நடப்பது லைனுக்குள் வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவை பொய் என்று போலீஸ் அறிவித்தது, வழக்குகள் போட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து பார்த்தது. அந்த வாரம் நான் மூன்று கம்பெனிகளுக்குப் போனேன். ஹோலியும் நெருங்கியிருந்ததால் ரயில் நிலையத்தில் கூட்டம். ஒரு கம்பெனியில் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்திலும் தமிழிலும் "வதந்தியை நம்ப வேண்டாம்" என்று ஒட்டியிருந்தார்கள். யார் பயந்தாரோ அவரால் படிக்க முடியாத இரண்டு மொழிகள். இன்னொன்றில், முன்பே சொன்னேனே, "ஆப்" போடக் கற்றுக்கொண்ட சூப்பர்வைசர், அவர் இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவையும் அவர்களோடு பார்த்தார். ஊரில் இருக்கிற அப்பா, அம்மாவிடம் வீடியோ காலில் தன் முகத்தைக் காட்டிப் பேசினார். அங்கும் சிலர் ஊருக்குப் போனார்கள். போகக் கூடாது என்று அவர் யாரையும் தடுக்கவில்லை. ஹோலி முடிந்து பத்து நாளில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள்.

லீவு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நிறைய மனக்கசப்பு இங்கேதான் பிறக்கிறது. தீபாவளிக்கு எல்லாருக்கும் சேர்த்து லீவு விட்டுவிட்டோம் என்று திருப்திப்படுவோம். பீகார்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிது அதற்கு ஆறாம் நாள் வருகிற சட் பூஜை. நாம் மெஷினை ஓட்டத் தொடங்குகிற அன்றுதான் அவர்களுக்கு ஊரில் இருந்தாக வேண்டும். ஒடியாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் மூன்று நாள் ரஜோ. பூமித்தாய்க்கு ஓய்வு என்று அந்த நாள்களில் உழ மாட்டார்கள், பெண்கள் வேலை செய்யாமல் ஊஞ்சல் ஆடுவார்கள். மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய், புது அரிசி உண்ணுகிற பண்டிகை. நம் ஆட்களுக்குப் பொங்கலும் ஊர் மாரியம்மன் நோம்பியும். ஜனவரியிலேயே எல்லாரிடமும் கேட்டு ஒரு நாள்காட்டி போட்டு, இத்தனை பண்டிகை லீவு உண்டு, எந்த நாள்கள் என்பதை அவரவர் சொல்லட்டும் என்று விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் லைன் முழுவதும் காலியாகாது. சட் பூஜைக்குப் பீகாரிகள் போகும்போது தமிழர்கள் ஓட்டுவார்கள், பொங்கலுக்கு அவர்கள் ஓட்டுவார்கள். மொழிவாரி லைன் போட்டீர்கள் என்றால் இந்த வசதியும் போய்விடும்.

டூரைப் பற்றி முதலாளி கேட்டால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆறு மாதம் கழித்துப் போகலாம் என்று சொல்லுங்கள். பண்டலில் பாரபட்சம் இருக்கும்போது பஸ்ஸில் ஒன்றாக ஏற்றினால் முன் சீட்டு, பின் சீட்டு என்று அதே பிரிவு தொடரும். அதற்குள் சாப்பாட்டு நேரத்தில் கை வைக்கலாம். எல்லாரையும் கலந்து உட்காருங்கள் என்று கட்டாயப்படுத்த வேண்டாம், சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் அவர்கள் சொந்த மொழியில் இளைப்பாறுகிற நேரம். நீளமான ஒரே மேஜையும் நடுவில் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பானையும் போதும். கோடையில் ஒரு நாள் ஓர் ஒடியாப் பெண் தூக்குப் போசியைத் திறந்தாள். பகாளா, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, கூடவே வறுத்த மிளகாயும் ஒரு துண்டு வெங்காயமும். எதிரே இருந்த ராமநாதபுரத்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடியே, இது எங்க பழைய சோறுடி" என்றார். அன்றிலிருந்து மோர்மிளகாய் இந்தப் பக்கமும் படி என்கிற உளுந்து வடகம் அந்தப் பக்கமும் போய் வந்தன. இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பண்டல் எண் போட்டு எடுக்கத் தொடங்கி நான்கைந்து மாதம் ஆகியிருந்தது.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பண்டல் எண், நிறம், சைஸ், கொடுத்தவர், வாங்கியவர். திங்கட்கிழமை நிற்க வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பாதிப் பேர் வராமல் இருப்பார்கள், லைன் சரியாகத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை, மெஷின் போடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நில்லுங்கள்.